யார் ரத்தமும் சேராத உடம்பு

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக இதே வேலை. லிஃப்டில் போய் வருகிற பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. லிஃப்டை இழுக்கிற மோட்டார் மொட்டை மாடிக்கும் மேலே ஓர் அறையில் இருக்கிறது, அந்த அறைக்கு லிஃப்ட் போகாது. படியேறித்தான் போக வேண்டும். லிஃப்டே நின்று போயிருந்தால் தரையிலிருந்தே படிதான். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோரு மாடிக் கட்டடங்களுக்கு டூல்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு விசிலடித்தபடி ஏறியவன் நான். போன வருடம் மழைக்காலம் முடியும் சமயத்தில் அப்படி ஒரு கட்டடத்தில் நாலாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு மேலே வரவில்லை. காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. தண்ணீர் கொண்டுவந்த செக்யூரிட்டி, வயசாகுதில்ல சார் என்றான். ஐம்பத்திரண்டு வயதெல்லாம் ஒரு வயதா என்று அவனைத் திட்டிவிட்டு மீதி ஏழு மாடியையும் வீம்புக்கு ஏறினேன். அன்றைக்கு அந்த வீம்பில் செத்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஒரு வாரத்தில் கண் மஞ்சளானது. சிறுநீர் கொதித்த டீத்தண்ணீர் நிறத்தில் போனது. மஞ்சள் காமாலை என்று நாங்கள் குடியிருக்கும் ஜோகுபாளையம் முழுக்க ஒரே தீர்ப்பு. என் மனைவி மாலா கார்மென்ட் ஃபேக்டரியில் டெய்லர். அவளோடு தைக்கிற பெண் சொன்னாள் என்று தினமும் விடியற்காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். உப்பில்லை, எண்ணெயில்லை, கறியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொல்லாமல் இல்லை. காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்தே கிடையாது என்று அடம்பிடித்தவன் நான்தான். பதினாறு நாள் பத்தியம் இருந்தேன். பதினேழாம் நாள் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டே சரிந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் நாலு புள்ளி எட்டு. மூச்சை உடம்பெங்கும் சுமந்துகொண்டு போகிற சிவப்புச் சத்துதான் ஹீமோகுளோபின். ஓர் ஆணுக்குப் பதிமூன்றுக்குமேல் இருக்க வேண்டும். எனக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான். எங்கேயாவது ரத்தம் போகிறதா என்று மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். போகவில்லை. கல்லீரலும் நன்றாகவே இருந்தது. கடைசியில் கூம்ப்ஸ் என்று ஒரு பரிசோதனை செய்தார்கள். அது சொல்லிவிட்டது.

ரத்த நோய்களைப் பார்க்கிற டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசுவார். உடம்புக்குக் காவல் இருக்கிறது, கிருமி வந்தால் அடித்துத் துரத்துகிற காவல், உங்களுக்கு அந்தக் காவல் உங்கள் சிவப்பு அணுக்களையே அந்நியன் என்று நினைத்து அழிக்கிறது என்றார். ஒரு சிவப்பு அணு நாலு மாதம்போல உயிரோடு இருக்குமாம். என்னுடையது சில நாட்கள்கூடத் தாங்கவில்லை. கண்ணில் இருந்த மஞ்சள், காமாலையின் மஞ்சள் இல்லை. உடைந்துபோன ரத்தத்தின் சாயம். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பழமொழி கன்னடத்திலும் தெரிந்திருந்தது. அதற்காகவாவது சிரித்தார்.

லிஃப்டில் கோளாறு என்றால் எனக்குத் தேடத் தெரியும். மோட்டாருக்குக் கரன்ட்டை விட்டு நிறுத்துகிற கான்டாக்டர் போயிருக்கும், கதவு சென்சார் போயிருக்கும், கண்டுபிடித்து மாற்றிவிட்டால் ஓடும். ஏன் எனக்கு இப்படி வந்தது என்று டாக்டரம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை என்று மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. காரணம் தெரியாமல் எதை ரிப்பேர் செய்வது?

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. காவலை மந்தமாக்குகிற மருந்து. பசி பேய் மாதிரி வந்தது, தூக்கம் போனது, முகம் பூரியாக உப்பியது, சர்க்கரை ஏறியது. ஆனால் ஹீமோகுளோபினும் ஏறியது. ஒன்பதரை வரைக்கும் வந்தேன். ஒரு மாதம் வேலைக்குக்கூடப் போனேன். கீழே நின்று வேலை வாங்கினாலும் வேலைதானே. மாத்திரையைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க எண்ணும் இறங்கியது. எட்டு, ஏழு, ஆறு. ஆறு என்று ரிப்போர்ட்டில் பார்த்த நாளில் நான் மாலாவிடம் எட்டு என்று சொன்னேன். பொய் சொல்கிற ஆள் இல்லை நான். அந்த நோய் வந்த பிறகு பழகிக்கொண்டேன்.

அடுத்த படி நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. ரிடுக்சிமேப் என்று பெயர். வாரம் ஒன்றாக நாலு வாரம். அந்தத் தவறான காவலை உற்பத்தி செய்கிற அணுக்களையே தேடி அழிக்கும் என்றார்கள். அதற்கு முன்னால் கல்லீரல் கிருமி ஏதாவது உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த மருந்து அதை எழுப்பிவிடுமாம். கம்பெனி இன்ஷூரன்ஸ் அட்மிஷனுக்குப் பணம் தரும், காலையில் வந்து சாயங்காலம் போகிற சிகிச்சைக்குத் தராது என்றது. மாலாவின் கழுத்தில் இருந்தது போயிற்று. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

டே கேர் என்று எழுதிய நீளமான அறை. சாய்வு நாற்காலிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம், ஒரு மெஷின். சுற்றிலும் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலையில் முடியில்லை. என் மருந்தையே எதிரே இருந்த பெரியவருக்கும் மாட்டினார்கள். அவருக்கு என்ன என்று சிஸ்டரிடம் கேட்டேன். லிம்போமா என்றார், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. அப்படியென்றால் எனக்கும் அதுதான், என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரே மருந்து இரண்டு வியாதிக்கும் வேலை செய்யும் என்று அவர் எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. என் சந்தேகத்தைத் தீர்த்தது பக்கத்து நாற்காலியில் இருந்த நித்யா.

நித்யா திருச்சிப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை, பி.ஜி. ஹாஸ்டலில் தங்கல். அவள் உடம்பு சிவப்பு அணுவை விட்டுவிட்டு, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களைத் தின்றுகொண்டிருந்தது. பல் துலக்கினால் ரத்தம், கதவில் இடித்தால் தொடையெல்லாம் நீலம். பி.ஜி. நடத்துகிற அம்மா அவளைத் தனியாக அழைத்து, உன்னை எவன் அடிக்கிறான் சொல்லு என்று கேட்டாராம். நித்யா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள்தான் தன் போனில் தேடி, இந்த மருந்து எந்தெந்த நோய்க்கெல்லாம் போகிறது என்று எனக்குப் படித்துக் காட்டினாள். “உங்களுக்குக் கேன்சர் இல்ல அங்கிள், நம்மளது வேற கட்சி” என்றாள்.

முதல் தடவை ஏற்றுவதற்கு முன் காய்ச்சல் மாத்திரையும் அலர்ஜி ஊசியும் கொடுத்தார்கள். பிறகு சொட்டுச் சொட்டாக மருந்து. அரை மணிக்கொரு தடவை வேகத்தைக் கூட்டுவார்கள். ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் தொண்டை அரித்தது. அப்புறம் குளிர் வந்தது. பெங்களூர்க் குளிர் எனக்குப் பழக்கம். இது எலும்புக்குள்ளிருந்து வருகிற குளிர். பற்கள் ஒன்றோடொன்று மோதின, நாற்காலியே ஆடியது. மருந்தை நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, மூன்று கம்பளி போர்த்தினார்கள். செத்துப்போகிறேன் என்று மாலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே சொன்னேன். முதல் தடவை பலருக்கும் வரும், அடுத்த தடவை குறையும் என்றார் சிஸ்டர். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ட்ரிப்ஸ் போடும்போது சட்டையைக் கழற்றச் சொன்னதால்தான் குளிர் வந்தது என்று மாலாவுக்கு ஓர் எண்ணம். அது தப்பு. ஆனாலும் அடுத்த வாரத்துக்குள் எனக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை முழுக்கப் பிரெஸ் பட்டன். வேண்டிய இடத்தில் மட்டும் திறந்து ஊசி போடலாம், மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும். சிஸ்டர்கள் அதைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். நித்யா தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது மருந்து முடிந்த நாலாம் நாள் என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். ஹீமோகுளோபின் மூன்று புள்ளி ஒன்பது. மருந்து வேலை செய்ய நாளாகும், அதுவரைக்கும் தாங்காது, ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ரத்தம்தானே. ரத்தம் என்றால் எனக்குத் தெரியாத விஷயமா?

ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நாங்கள் புத்த விகாரை என்று சொல்வது தகரக் கூரை போட்ட ஒரு ஹால்தான். ஒவ்வொரு வைகாசிப் பௌர்ணமிக்கும் அங்கே ரத்த தான முகாம் நடக்கும். பதினெட்டு வருடமாக அதை நடத்துகிறவன் நான். தெருவில் யாருக்கு என்ன குரூப், கடைசியாக எப்போது கொடுத்தார், போன் நம்பர் எல்லாம் ஒரு நீள நோட்டில் என் கையெழுத்தில் இருக்கும். எந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஆள் அனுப்புவேன். முகாமில் மைக்கைப் பிடித்தால் வருடாவருடம் எனக்கு ஒரே பேச்சுதான். “டீக்கடையில டம்ளரைத் தனியா வச்சான். கொளத்துல எறங்காதன்னான். ஆஸ்பத்திரில பாட்டில் தொங்கும்போது எவனாவது இது எந்தத் தெரு ரத்தம்னு கேட்டானா?” இந்த இடத்தில் கைதட்டல் விழும். அதற்காகவே ஒரு நிமிடம் நிறுத்துவேன்.

அன்றைக்கு ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன் நாகராஜ். பத்து வருடமாகப் போனில் பழக்கம், முகம் பார்த்ததில்லை. என் பேரைச் சீட்டில் பார்த்துவிட்டு வார்டுக்கே வந்துவிட்டார். கௌதமன் சார் நீங்களா என்று கேட்டுவிட்டு ஸ்டூலை என் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். வங்கியில் இருந்த ஒன்பது பையை என் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாராம். ஒன்பதும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் குரூப் ஓ பாசிட்டிவ். தெருவில் நின்று சத்தம் போட்டால் பத்துப் பேர் வருகிற குரூப். அதற்கா கஷ்டம் என்று மாலா அவர் பேச்சை முழுக்கக் கேட்காமலேயே கீழ் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டாள். நோட்டை எடுத்து ஓ பாசிட்டிவ் எல்லாரையும் அழைக்கச் சொன்னாள். மதியத்துக்குள் பதினேழு பேர் வந்து இறங்கினார்கள். பெயின்டர்கள், பஸ் டிரைவர் ஒருவர், கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர், விகாரையின் செயலாளர். அரை நாள் கூலியை விட்டு வந்தவர்கள். நிறையப் பேரைப் பார்த்தால் அதில் சண்டை குறைவாகப் போடுகிற ஒன்றாவது கிடைக்கும் என்று நாகராஜும் சரி என்றார். பதினேழு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, என் ரத்தத்தோடு கலந்து பார்த்தார். பதினேழும் ஒட்டிக் கட்டியானது.

கீழே காத்திருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? நம்ம யார் ரத்தமும் கௌதமனுக்கு வேண்டாமாம் என்று ஒருவர் சொன்னாராம். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். துப்புரவு வேலை பார்க்கும் தம்பி மட்டும் மாலாவைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்க வேலையால ரத்தம் கெட்டுப்போயிருக்குமா அக்கா?” என்று கேட்டிருக்கிறான். மாலா இதை எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். எத்தனை வருடமாக மைக்கில் கத்தினேன். என் உடம்பு ஒரே மதியத்தில் அவனை அந்தக் கேள்வி கேட்கவைத்துவிட்டது.

நாகராஜ் மறுபடியும் மேலே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சார், அவுங்கள்ட்ட தப்பில்ல. நிம்ம ரத்தாவ நிமகே சேர்த்துப் பார்த்தேன். நிம்ம ரத்தாவே நிமகே ஆகல்ல சார்.” என் ரத்தத்தையே என் ரத்தத்தோடு சேர்த்தாலும் கட்டியாகிறது. எனக்கு நானே பொருந்தவில்லை.

வார்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டுக்குள் நடப்பது இது. டம்ளரைத் தனியாக வைத்தவனாவது தன்னைத் தவிர மற்றவர்களைத்தான் தள்ளி வைத்தான். என் உடம்பு என்னையே தள்ளி வைத்திருந்தது. அதனிடம் போய் எந்த மைக்கில் பேசுவது? அழுதேன். நோய் வந்த பிறகு முதல் தடவை அன்றைக்குத்தான் அழுதேன்.

சாயங்காலம் மாலாவின் தம்பி சேகர் வந்தான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஒன்பது வயதில் அம்மாவை இழந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவன் அவன். இப்போது முப்பத்தெட்டு வயது, சொந்த ஆட்டோ, மூக்கு முட்டக் குடி. குடியால்தான் அவன் மனைவி குழந்தையோடு கோலாருக்குத் தாய் வீடு போய்விட்டாள். ஓ பாசிட்டிவ்தான். ஆனால் ஊசியைக் கண்டால் அவனுக்கு மயக்கம் வரும். நோட்டில் அவன் பேருக்கு எதிரே ‘ஆள் வரமாட்டார்’ என்று நான் எழுதி, முகாமில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்துக் கேலி செய்திருக்கிறேன். அதனால் அவனை யாரும் அழைக்கவில்லை. சவாரியில் விஷயம் கேள்விப்பட்டுத் தானாக வந்திருந்தான். வெறும் வாயோடு வந்திருந்தான், குடித்திருக்கவில்லை. ரத்த வங்கியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினானாம். மயங்கியும் விழுந்தானாம்.

அவனுடையதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வந்த எல்லோருடையதிலும் அவனுடையது கொஞ்சம் குறைவாகக் கட்டியானது. இருப்பதில் குறைந்த கெடுதல் என்று இதைச் சொல்கிறார்கள். அவனிடம் ஒரு பை எடுத்து அதைத்தான் ஏற்றுவது, ஏற்றாவிட்டால் இதயம் நின்றுவிடும், ஏற்றினாலும் எதுவும் நடக்கலாம் என்றார் டாக்டரம்மா. மாலா கையெழுத்துப் போட்டாள். முதலில் ஒரு ஸ்பூன் அளவு ஏற்றி நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு வலிக்கிறதா, நெஞ்சு இறுக்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எதுவும் இல்லை. நாலு மணி நேரத்தில் ஒரு பை முழுதும் உள்ளே போனது. மறுநாள் எண் நாலு புள்ளி எட்டு. சேகர் வார்டு வாசலில் நின்று, போகிற வருகிற எல்லாரிடமும் கன்னடத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தான். பதினேழு பேருது ஆகல, என்னுதுதான் ஆச்சு என்று.

மூன்றாம் நாள் காலை சிறுநீர் கறுத்துப் போனது. எண் நாலு. டாக்டரம்மா கதவை மூடிவிட்டு உட்கார்ந்து சொன்னார். ஏற்றிய ரத்தத்தையும் உடம்பு உடைத்துவிட்டது. உயிரைப் பிடித்துவைக்க அந்த மூன்று நாள் உதவியது, அதுவே பெரிது, இனிமேல் வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும்தான் ரத்தம். நானும் மாலாவும் கேட்டுக்கொண்டோம். சேகரிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருமே சொல்லவில்லை.

மாத்திரையை மறுபடியும் கூட்டி என்னை ஐந்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது மருந்தும் நாலாவது மருந்தும் ஏறின. நாலாவது மருந்து ஏறிய அன்று நித்யா பால்கோவா டப்பாவோடு வந்தாள். அவளுடைய தட்டணுக்கள் முழுக்கச் சரியாகிவிட்டன, இனிமேல் மாதம் ஒரு தடவை பரிசோதனை மட்டும்தான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஒரே மருந்து, ஒரே நாற்காலி வரிசை, ஒரே தையல் சட்டை. அவளுக்கு மட்டும் ஏன் கேட்டது? பால்கோவாவைச் சர்க்கரை என்று சொல்லித் தொடாமல் விட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தும் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தால் மனிதன் எவ்வளவு சிறுத்துப் போவான் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

மருந்து சிலருக்குத் தாமதமாகக் கேட்கும், பன்னிரண்டு வாரம் வரை பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. நாலாவது மருந்து ஏறி இப்போது பத்து வாரம் முடிந்துவிட்டது. நேற்றைய எண் ஐந்து புள்ளி ஒன்று. அடுத்தது மண்ணீரலை எடுப்பது, ரத்தம் உடைகிற இடம் பெரும்பாலும் அதுதானாம். ஆனால் இந்த எண்ணில் மேஜையில் படுக்கவைக்க யாரும் துணியமாட்டார்கள். எண்ணை ஏற்ற ரத்தம் வேண்டும். ரத்தம்தான் ஏறாதே. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருகிற கதவு எது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை புரட்டினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மாடி வீட்டில் இருந்தோம், பதினாலு படி. கீழ் வீட்டுக்காரர்கள் எங்களுக்காக வீட்டை மாற்றிக்கொண்டார்கள். கட்டில் வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. இருபது நிமிடம் எழுதினால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. இந்த நோய் வந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றுதான் தொடங்கினேன். என்னிடம் இருப்பதைத்தானே கொடுக்க முடியும். காமாலை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் என்பதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சேகர் அன்று ரத்தம் கொடுத்ததிலிருந்து குடிக்கவில்லை. பீடியையும் விட்டுவிட்டான். அடுத்த தடவையும் தன்னுடையதுதான் சேர வேண்டும், அதற்கு ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஒரு தடவை கொடுத்தால் தொண்ணூறு நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆட்டோவின் கண்ணாடிக்கு மேலே ஒரு காலண்டர் அட்டையை ஒட்டி நாளைக் கிழித்துக்கொண்டு வருகிறான். பேரீச்சம்பழமும் ஈரலும் தின்கிறான். எண்பது நாள் அவன் குடிக்காததைக் கேள்விப்பட்டு அவன் மனைவி போன வாரம் குழந்தையோடு கோலாரிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள்.

நேற்று பரிசோதனைக்கு அவன் ஆட்டோவில்தான் போனேன். அல்சூர் சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தான்.

“மாமா, இன்னும் ஆறே நாள்தான். கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். என் ரத்தம் உள்ள நல்லா வேலை செய்யுதா?”

பக்கத்தில் மாலா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செய்யுதுடா. அதுலதான் ஓடுது” என்றேன்.

அவனுக்கு முகமெல்லாம் பல். சிக்னல் விழுந்ததும் ஹாரனை இரண்டு தடவை அடித்துக்கொண்டே கிளம்பினான்.

நான் படித்த காலத்தில் எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இருந்தது. சேகரைச் சேர்க்கப் போனபோது அதை மூடிவிட்டிருந்தார்கள், அதனால் கன்னடப் பள்ளியில் போட்டேன். தமிழ் பேசுவான், ஓர் எழுத்து படிக்க வராது. வீட்டில் இந்தத் தாள்கள் கட்டிலின் மேலேயே கிடக்கின்றன. காலையில் அவன் வந்தபோது ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பத்தி எழுதியிருக்கியா மாமா என்று கேட்டான். ஆமாம், நீ ரத்தம் கொடுத்ததை எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். தாளைச் சட்டையில் துடைத்துப் பழையபடி மேலே வைத்துவிட்டுச் சவாரிக்குப் போனான்.